அரிவாளோடு ஒரு படம்

என் மகனுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் கம்பெனியில் வேலை உறுதி என்று நம்பி, எங்கள் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. நேரில் கூப்பிட்டுப் பேசிவிட்டார்கள், மெடிக்கலும் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆர்டர் வரும் என்றிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஃபோன் வந்தது.

பேசியவர் கம்பெனியின் சென்னை ஆபீஸில் ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண். குணமாகத்தான் பேசினார். வேலைக்கு எடுக்குமுன் பையன்கள் நெட்டில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம், அதற்கென்று வேறொரு கம்பெனியை வைத்திருக்கிறார்களாம். என் மகன் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்திருக்கிறது. ஆயுதம், வன்முறை என்று எழுதி ஒரு படத்தையும் வைத்திருக்கிறார்கள்.

மகன் அந்தப் படத்தை எனக்குக் காட்டினான். வெற்று மார்பு, முகமெல்லாம் சிவப்பு, தலைக்குமேல் ஓங்கிய அரிவாள். தெரியாதவர் பார்த்தால் கொலைகாரன் என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரியும். அது எங்கள் சுடலைமாட சாமி கோயில் திருவிழாவின் மதியக் கொடை. முகத்துச் சிவப்பு, சாமியாடிக்குப் பூசுகிற மஞ்சணை. அரிவாள், சாமிக்கு நேர்ந்து கொடுத்தது. என் அப்பாவுக்குப் பிறகு என்மேல் வந்துகொண்டிருந்த சாமி, என் முழங்கால் பழுதான வருஷம் அவன்மேல் இறங்கிற்று. காலேஜில் சேர்ந்த புதிது அவனுக்கு. பெற்ற மகன் என்று பாராமல் அவன் காலில் விழுந்து திருநீறு வாங்கினேன். அப்படி அழுதது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

“எப்பா, சொந்தக்காரவுக மட்டும் பாக்க மாதிரிதான் அன்னைக்குப் போட்டேன். இப்ப அவனுவ எல்லாத்தையும் மாத்திட்டானுவ” என்றான்.

படம் போட்டிருந்த அந்தத் தளத்துக்காரர்கள் அமைப்பையே மாற்றியதில் பழைய படங்கள் ஊருக்கெல்லாம் திறந்துகொண்டிருக்கின்றன. அதோடு விடவில்லை. பழைய படங்களை அந்தத் தளம் தானாகவே கோத்து, எங்கிருந்தோ ஒரு அடிதடிப் பாட்டையும் சேர்த்து வீடியோவாக்கி வைத்திருந்தது. அந்தப் பாட்டோடு பார்த்தபோது எனக்கே என் பிள்ளை ரவுடியாகத் தெரிந்தான்.

அழித்துவிடு என்றேன். அதிலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. பாஸ்வேர்டு மட்டும் போதாதாம். அந்தக் காலத்தில் கொடுத்த ஃபோன் நம்பருக்கு ஓடிபி வருமாம், அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். அந்த நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. கூப்பிட்டோம். எடுத்தவர், ஏரலில் பாத்திரக்கடை என்றார். ஓடிபி என்ற சொல் காதில் விழுந்ததும் கட் பண்ணிவிட்டார். திரும்பக் கூப்பிட்டதற்கு, இன்னொரு தடவை கூப்பிட்டால் போலீசுக்குச் சொல்லுவேன் என்றார்.

புதன்கிழமை கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஏரலுக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டே போனேன். எந்தப் படத்தை அழிக்கப் போகிறேனோ அந்தச் சாமியையேதான் துணைக்குக் கூப்பிடுகிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. என் வயதுக்காரர். நெற்றி நிறையத் திருநீறு. ஓடிபிக்கு வந்திருக்கிறோம் என்றதும் எழுந்து நின்றுகொண்டார்.

“ஃபோனை எடுத்தாலே ஒரு பொம்பள, ஓடிபிய யாருட்டயும் சொல்லாதீங்கங்கா. பேங்க்ல சொல்லுதான், டிவில சொல்லுதான். நீரு வந்து கேட்டா நான் சொல்லிரணுமா?”

“நாங்க களவாணிப் பயக்க இல்ல அண்ணாச்சி.”

“களவாணி போர்டு மாட்டிக்கிட்டா வே வருவான்?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என்னிடமிருந்த ஆதாரையும், மகனுடைய காலேஜ் கார்டையும் எடுத்து வைத்தேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் பாரம் பாதி இறங்கிவிட்டது.

“எந்தக் கோயிலு?”

சொன்னேன். ஆழ்வார்திருநகரிப் பக்கம் அதே சாமிதான் தங்களுக்கும் என்றார். குரல் மாறிவிட்டது. மகனுக்கு ஸ்டூல் போடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஓடிபி நம்பர் எதற்கு என்று கேட்டார். இந்தப் படத்தை அழிக்க என்றேன்.

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“இது சாமில்லா? சாமிய அழிக்கதுக்கா என்கிட்ட நம்பர் கேட்டு வந்தீரு?”

வேலை போய்விடும் அண்ணாச்சி என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எத்தனை இடத்தில் ஏறி இறங்கினான், கடை வியாபாரம் எப்படி விழுந்துவிட்டது என்று கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி புலம்பினேன். மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் கண் கலங்கியதைப் பார்த்தோ என்னவோ, அவர் ஃபோனைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் வாயால சொல்லமாட்டேன். வந்தா நீங்களே பாத்துக்கிடுங்க.”

வந்தது. மகன் அந்த ஓடிபியைப் போட்டு உள்ளே நுழைந்து, அந்தப் படத்தை எடுத்து, விரலை வைக்காமல் ஃபோனை என்னிடம் நீட்டினான். அழிக்கவா என்று கேட்டு நின்றது. நான்தான் அழுத்தினேன்.

இதோடு முடிந்தது என்றுதான் வீடு வந்தோம். மறுநாள் அந்தக் கம்பெனிப் பெண்ணுக்கு மகன் ஃபோன் போட்டு, படத்தை எடுத்துவிட்டோம் என்றான். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்திருந்தான்.

“ரிப்போர்ட்ல அந்தப் படம் ஏற்கெனவே இருக்கு தம்பி. இப்ப பேஜ்ல காணோம்னும் சேர்த்து எழுதிட்டாங்க. தப்பு இல்லன்னா ஏன் எடுத்தாருன்னு மேல கேக்கிறாங்க. சாயந்திரத்துக்குள்ள என்னன்னு விளக்கி ஒரு மெயில் போடுங்க, ப்ளீஸ்.”

மகன் எழுத உட்கார்ந்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான். உள்ளதை எழுதேன் என்றேன். உள்ளதைத்தான் எழுதியிருந்தான். அதைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினான்: என்மேல் சாமி இறங்கியது, அப்போது எனக்குத் தன்நினைவில்லை, கையில் அரிவாள் இருந்தது.

“படிக்கவன் என்னப்பா நெனப்பான்? தன்னறியாம அருவாளத் தூக்குதவன கண்டெய்னர் யார்டுக்குள்ள விடுவானா?”

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

“கோயில்ல நாடகம், அதுல நடிச்சேன்னு போடட்டுமா?”

நான் எழுந்து கடைக்குள் போய்விட்டேன். ஒருவருக்கு உளுந்து நிறுத்துப் போட்டேன். என் அப்பா ஆடியது நாடகமா? நான் ஆடியது? அவன் காலில் விழுந்து நான் அழுதது? சாயந்திரம் நெருங்கிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரி பின்னாலேயே வந்து நின்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

“போடச் சொல்லுங்க. சாமி கோவிச்சா நம்மளத்தான கோவிக்கும். பிள்ளைய ஒண்ணும் செய்யாது.”

உள்ளே போய், “போடுய்யா” என்றேன். போட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை வந்து போனது. அடுத்த வெள்ளியும் போனது. கேட்டால் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார் அந்தப் பெண். காலையில் விளக்கேற்றியதும் பிள்ளைக்கு ஒரு வேலை கொடு என்று கேட்பது என் வழக்கம். இப்போதும் ஏற்றுகிறேன், கும்பிடுகிறேன், கேட்க நா எழவில்லை. எந்த முகத்தை வைத்துக் கேட்பேன்?

நேற்றுக் கோயிலிலிருந்து கொடை வரி வாங்க வந்தார்கள். இந்த வருஷம் தம்பி ஆட வருவானா, சாமியாட இடுப்பில் கட்டும் சல்லடம் புதுசு தைக்க அளவு வேண்டும் என்றார்கள். மகன் உள்ளே இருந்தான். வெளியே வரவில்லை. கம்பெனியிலிருந்து பதில் வரட்டும், பிறகு சொல்லுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.