போறன் என்று சொன்னவன்

வாசகர்களே, ஓர் அநீதிக்குச் சாட்சி சொல்ல உங்களை அழைக்கிறேன். இது நடந்தது. எனக்கே நடந்தது.

நான் ஆண்களை விரும்பும் ஆண். பிரித்தானியாவின் கார்டிஃபிலிருந்து கடந்த சனவரியில் முதன்முறையாகக் கனடாவின் மொன்ட்ரியால் சென்றேன். இணையத்தில் அறிமுகமான றொசான், தன் வீட்டில் தங்க அழைத்திருந்தான். ஜான்-டலோன் மெட்ரோ வாசலில் காத்து நிற்பதாகச் சொல்லியிருந்தான்.

பிற்பகல் 3.10. வந்தவன் வேறொருவன்.

"நான் றொசான்ர ஆள், அண்ணை. ஊரைக் காட்டிப்போட்டு வீட்டில கொண்டுபோய் விடுறன்."

குளிர் மைனஸ் பதினெட்டு. அவன் அணிந்திருந்தது மெல்லிய நீலச் சட்டை மட்டும்.

சந்தையைக் காட்டினான். பிறகு, ஆண்கள் கைகோத்து நடக்கும் அந்தத் தெருவுக்கு அழைத்துச் சென்றான். விளக்குகள், பாட்டு, சிரிப்பு. இருவர் முத்தமிட்டனர், எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கண்கள் நிறைந்தன.

"ஊரில ஆக்களுக்கு ஒளிச்சம். இஞ்ச குளிருக்கு ஒளிச்சாப் போதும்" என்று சிரித்தான்.

என் வாயிலிருந்து ஆவி எழுந்தது. அவன் வாயிலிருந்து எழவில்லை...

4.35. ஒரு கடையில் இரண்டு கோப்பி கேட்டேன். பணிப்பெண் ஒன்றையே வைத்தாள்.

5.40. பனியில் என் சப்பாத்து... கரக்... கரக்... அவன் நடையில் ஒலி இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஒருவனின் தடம் மட்டுமே.

5.52. றொசான் வீட்டு வாசல்.

"போறன், அண்ணை."

யாழ்ப்பாணத்தவர் வாசலில் சொல்லாத சொல். போய்த் திரும்பி வருவேன் என்ற பொருளில் 'போட்டு வாறன்' என்று சொல்லும்படி திருத்தினேன்.

"அப்பிடிச் சொன்னதுதான் பிழையாப் போச்சு. நான் போறன் எண்டு றொசானிட்டச் சொல்லிவிடுங்கோ."

கதவைத் தொட்டேன். பூட்டப்படவில்லை. திரும்பினேன்.

எவரும் இல்லை...

மெட்ரோவில் என்னைக் காணாமல் திரும்பியிருந்த றொசான் உள்ளே இருந்தான். சுவரில் ஒரு படம். அதே நீலச் சட்டை. இவன்தான் என்னை அழைத்து வந்தான் என்றேன்.

றொசான் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

அவன் யதுர்ஷன். ஆறு ஆண்டுகள் றொசானுடன் வாழ்ந்தவன். சரியாக ஓராண்டுக்கு முன்பு, அதே நாள் காலை 'போட்டு வாறன்' என்று வேலைக்குப் போனவன். வழியில் விபத்து. உயிர் பிரிந்தது மாலை 5.52.

யதுர்ஷனின் தகப்பன் விமலநாதன் மருத்துவமனையிலும் அஞ்சலி மண்டபத்திலும் றொசானை உள்ளே விடவில்லை. மரண அறிவித்தலில் ஒன்றுவிட்ட மைத்துனர்கள் வரை பெயர் இருந்தது. றொசானின் பெயர் இல்லை.

"முகத்தைக் காட்டேல்லை, அண்ணை. வாறன் எண்டவன்தானே... ஒரு வருசமா நான் கதவு பூட்டேல்லை."

யதுர்ஷன் சொல்லியனுப்பிய 'போறன்' என்ற சொல்லைச் சொன்னேன். றொசான் எழுந்தான். கதவைப் பூட்டினான்.

டக்.

தமிழர்களே! நாளை உங்கள் வீட்டில் சாவு விழும். துணைவனின் பெயரை அறிவித்தலில் எழுதுங்கள். அவனை உள்ளே விடுங்கள். முகம் பார்க்க விடுங்கள். விடைகொடுக்கும் வேலையைச் செத்தவன் தலையில் சுமத்தாதீர்கள்.