போவதற்கு மட்டும் ஒரு பை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். சேலம் சூரமங்கலத்திலிருந்து பழனிக்கு நடந்து போன கூட்டத்தில் நானும் இருந்தேன். பக்தி முற்றிக் கிளம்பினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டு என் மகள் மஞ்சள் காமாலையில் படுத்துப் பிழைத்து எழுந்தாள். அவள் படுத்திருந்தபோது என் மனைவி முருகனிடம் வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் அவளுடையது, நடக்க வேண்டிய கால்கள் மட்டும் என்னுடையவை. ஒருவர் இன்னொருவர் சார்பில் சம்மதம் இல்லாமல் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்று விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை.

நான் அப்போது ரயில் நிலையத்தில் பார்சல் எழுத்தர். ஊரார் மூட்டையை எடை போடுவதும், சீட்டு ஒட்டுவதும், உடையவர் வராத பெட்டிகளை விதிப்படி பூட்டி வைப்பதுமே பிழைப்பு. ஒரு பெட்டியைக் கையில் தூக்கினாலே உள்ளே துணியா, பாத்திரமா, புத்தகமா என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இப்படிப்பட்டவன் தன் சொந்தப் பையைத் தேர்ந்தெடுப்பதை எவ்வளவு பெரிய காரியமாக ஆக்கியிருப்பான் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இரண்டு பைகள் போட்டியில் இருந்தன. ஒன்று, சங்ககிரியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவரிடம் சொல்லித் தைத்தது. முரட்டுக் கித்தான், இரட்டைத் தையல், மழை புகாது, கல்லில் இழுத்தாலும் கிழியாது. மற்றது என்னோடு வேலை பார்த்தவரும் நடைக்குத் துணையாகக் கிளம்பியவருமான நண்பர் மெட்ராஸிலிருந்து வாங்கி வந்தது. பாராசூட் துணியாம். மடித்தால் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் காலியாகவே தராசில் வைத்துப் பார்த்தோம். அவருடைய பைக்குத் தராசு முள் அசையவே இல்லை. என்னுடையது, உள்ளே ஒன்றுமில்லாமலே, ஒரு சின்ன மூட்டையின் எடை இருந்தது.

“சார், நீங்க பழனிக்கு நடக்கறீங்களா, லோடு ஏத்திக்கிட்டுப் போறீங்களா?” என்று நண்பர் கேட்டார்.

பாதி வழியில் கிழியும் பை பையே அல்ல என்று நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். விதிப்படி வெளியில் ஒரு முகவரிச் சீட்டு, அது கிழிந்துபோனால் உதவுவதற்கு உள் மடிப்பில் மையினால் இன்னொரு முகவரி எல்லாம் எழுதிக்கொண்டேன். ஒருவன் தான் தூக்கப் போகும் பைக்கு எதற்கு இரண்டு முகவரி என்று மனைவி கேட்டாள். விதி என்றேன்.

மகுடஞ்சாவடி தாண்டுவதற்குள் இரண்டு பையின் தகுதியும் தெரிந்துவிட்டது. நண்பருடைய பையின் ஜிப் பல் விட்டு வாயைப் பிளந்துகொண்டது. துண்டால் கட்டிக்கொண்டு நடந்தார். என் பைக்கு ஒரு சேதமும் இல்லை. சேதம் எல்லாம் என் தோளுக்குத்தான். நாடா உரசி உரசித் தோல் வழன்று, சட்டை ஒட்டிக்கொண்டது. சொற்பொழிவு ஆற்றியவன் அதை எப்படி வெளியே சொல்வது? துண்டை மடித்து நாடாவுக்கு அடியில் கொடுத்து, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு நடந்தேன்.

சங்ககிரியில் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் சிலர் எங்களோடு சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு விவசாயிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெடுநெடுவென்ற உடம்பு, அதிகம் பேசாதவர். ஒவ்வொரு தையிலும் மனைவியோடு நடந்து வருபவராம். போன ஆடியில் மனைவி இறந்துவிட்டார் என்று அவர் ஊர்க்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் தோளில் ஒரு சின்னப் பை தொங்கியது. பழைய சேலைத் துணியில் கையால் தைத்தது. காற்று அடித்தால் அது பறந்து அவர் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

என் நண்பருக்கு அதைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை. “பாத்தீங்களா சார், வருஷா வருஷம் நடக்கறவர். அவருக்குத் தெரியும் எந்தப் பை நல்லதுன்னு” என்றார். எனக்கும் உள்ளூரப் பொறாமைதான். இத்தனை குறைவாக மூட்டை கட்டத் தெரிந்தவர் ஞானி என்றே நினைத்தேன்.

பள்ளிபாளையத்தில் காவிரியில் குளித்தோம். அவர் தண்ணீரில் இறங்கும்போது, “இதைக் கொஞ்சம் பாத்துக்குங்க சாமி” என்று பையை என்னிடம் கொடுத்தார். தொழில் பழக்கத்தில் கை தானாக எடை பார்த்தது. உள்ளே பெண்கள் குங்குமம் வைக்கிற மாதிரி ஒரு சின்ன டப்பா மட்டும் உருண்டது. வேறு ஒன்றும் இல்லை.

குளித்துக் கரையேறியவர்கள் எல்லோரும் மாற்று வேட்டி எடுத்துக் கட்டினார்கள். அவர் ஈர வேட்டியோடு வெயிலில் நின்றார். மாற்று வேட்டி கொண்டுவரவில்லையா என்று கேட்டேன்.

“போறதுக்கு இது போதுமுங்க.”

“திரும்பி வர்றதுக்கு?”

அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பாலத்தைப் பார்த்தபடி, “வாரவங்க எடுத்துக்கிட்டு வரட்டுமுங்க” என்றார்.

வேறு யாராவது கேட்டிருந்தால் துறவிப் பேச்சு என்று விட்டிருப்பார்கள். நான் பல ஆண்டுகள் ரயில் நிலையத்தில் நின்றவன். கையில் பையில்லாமல் பிளாட்பாரத்துக்கு வந்து, எந்த வண்டியிலும் ஏறாமல், பிளாட்பாரம் முடியும் இடத்தை நோக்கி நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஓடிப் பிடித்தவர்களும் உண்டு. பிடிக்க முடியாமல் போனவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரிடமும் ஒன்று பொதுவாக இருந்தது. திரும்பி வருவதற்கு வேண்டிய எதையும் அவர்கள் எடுத்து வந்திருக்க மாட்டார்கள்.

காங்கேயம் போவதற்குள் அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முன்பு என்னிடம் பேசிய தன் ஊர்க்காரரிடம் கொடுத்தார். பெரிய மகனிடம் சேர்த்துவிடச் சொன்னாராம். தான் மலையடிவாரத்தில் கொஞ்ச நாள் தங்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். நான் ஊர்க்காரரைத் தனியே கூப்பிட்டு என் பயத்தைச் சொன்னேன். அவருக்கும் அதே பயம் இருந்தது.

“நாங்களும் ஒரு கண்ணு வெச்சுக்கிட்டுத்தான் வாரோமுங்க. ஆனா எத்தனை நாளைக்குங்க? கட்டியா போட்டு வெக்க முடியும்?” என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. துக்க வீட்டில் கூடப் பந்தல்காரரோடு கணக்குப் பேசிக்கொண்டிருப்பவன் நான். கடவுளைப் பற்றிப் பேசலாம் என்றால் அந்தத் துறையில் எனக்கு அனுமதி கிடையாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருவரிடம் சரக்கை ஒப்படைப்பது.

மறுநாள் காலை புறப்படும்போது எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினேன். என்னால் இனி இந்தப் பையைத் தூக்க முடியாது என்றேன். நண்பர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை. “லோடு அதிகம்னு அன்னிக்கே தராசு சொல்லுச்சே சார்” என்று சொல்லிவிட்டுத் தானே கைநீட்டினார். நான் அவரிடம் கொடுக்கவில்லை. அந்த விவசாயியின் பக்கம் திரும்பினேன். அவர் புண்ணைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க இத்தனை நாளா வாயத் தொறக்காம வந்தீங்க? குடுங்க சாமி” என்று பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. பாரம் ஏறியதும் அவர் நடை முன்னைவிட நேராகியது போல எனக்குத் தோன்றியது. என் ஆசையாகவும் இருக்கலாம்.

தாராபுரம் தாண்டிப் பழனி வரை அவர்தான் சுமந்தார். பேச்சு மட்டும் கூடவில்லை. ஒருமுறை, தார்ப்பாய்த் துணியைத் தடவிப் பார்த்து, இது நம் காலத்துக்குப் பிறகும் இருக்கும் என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

பழனியில் முடி கொடுத்து, மலையேறி, தரிசனம் முடித்து அடிவாரத்துக்கு வந்தோம். கூட்டம் கலைய ஆரம்பித்தது. என் மகளுக்காக வாங்கிய பஞ்சாமிர்த டப்பாவையும் விபூதிப் பொட்டலத்தையும் அவர் தோளில் இருந்த என் பையிலேயே வைத்தேன். பிறகு ஒரு பொய் சொன்னேன். எனக்கு அவசரமாக வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, கிடைக்கும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போகப் போகிறேன், தோள் இருக்கும் நிலையில் பையைத் தூக்க முடியாது, பையை அவர்தான் சூரமங்கலத்தில் என் வீட்டில் சேர்க்க வேண்டும் என்றேன். எனக்கு இன்னும் விடுப்பு மிச்சம் இருந்தது.

 அவர் பையைத் தோளிலிருந்து இறக்கப் பார்த்தார்.

“வேற ஆளுகிட்டக் குடுங்க சாமி. நான் எப்ப வாரனோ, என்னமோ.”

“எப்ப வேணும்னாலும் வாங்க. ஆனா நீங்கதான் கொண்டு வரணும். அது என் பொண்ணுக்கு உள்ள பிரசாதம்.”

“என்னைய நம்பியாங்க?”

“முகவரி உள் மடிப்புல எழுதியிருக்கு” என்றேன். அவர் பையை இறக்குவதற்குள் கூட்டத்துக்குள் புகுந்து நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ரசீது வாங்காமல் நான் ஒப்படைத்த ஒரே சரக்கு அதுதான்.

வீட்டுக்கு மொட்டைத் தலையோடும் வெறும் கையோடும் வந்து நின்றேன். மனைவி என் கைகளைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள்.

“ஏங்க, பிரசாதம் எங்க?”

“வருது.”

“எதுல வருது?”

“பார்சல்ல.”

அன்று அவள் பேசியதை எல்லாம் இங்கே எழுத இடம் போதாது. முழுவதும் நியாயமான பேச்சு. பிரசாதம் வீடு வந்து சேர்ந்தால்தான் வேண்டுதல் முடியும். நடுவில் நிறுத்தினால் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் அழுதாள். உண்மைக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு, அவர் வராமலே போனால், அவள் இரண்டு துக்கத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே ‘வருது’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நாட்கள் போயின. காலையில் செய்தித்தாள் வந்ததும் கடைசிப் பக்கத்து மாவட்டச் செய்திகளைத்தான் முதலில் படித்தேன். பழனி என்ற சொல்லைக் கண்டால் அந்தச் செய்தியை இரண்டு முறை படிப்பேன். அலுவலகத்தில் யாராவது கித்தான் பையோடு வந்தால் எழுந்து நிற்பேன். ஒரு மனிதரை நான் காப்பாற்ற நினைத்தேனா, அல்லது என் மகளின் பிரசாதத்தைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேனா என்று தெரியவில்லை. பெரிய பெரிய விதிகளைக் கரைத்துக் குடித்தவனுக்கு இந்த ஒன்றில் எந்த விதியும் கைகொடுக்கவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். வாசலில் “சாமி” என்று குரல் கேட்டது. அவர்தான். மழித்த தலையில் முடி கட்டையாக முளைத்திருந்தது. ஒரு தோளில் அவருடைய சேலைத் துணிப் பை, மற்றதில் என் பை, முன்னைவிடப் புடைத்துக்கொண்டிருந்தது. பையை இறக்கியதும் என் மனைவியிடம், “அம்மிணி, இதை மொதல்ல எடுத்துக்குங்க” என்று பஞ்சாமிர்த டப்பாவையும் விபூதியையும் எடுத்துக் கொடுத்தார். டப்பாவின் மூடி பிரிக்கப்படாமல் இருந்தது. அடியில் என் வேட்டியும் துண்டும் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. மீதி இடம் முழுவதும் நிலக்கடலை. புதிதாகக் காய்ந்தது, தன் காட்டுக் கடலை என்றார்.

கடலையைக் கையில் அள்ளியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவர் காடு இருப்பது திருச்செங்கோட்டுப் பக்கம். அவர் முதலில் தன் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மனைவி அவருக்குச் சாப்பாடு போட்டாள். என் மேல் இருந்த கோபத்தில் அவருக்கு மட்டும் கூடுதலாக நெய் விட்டாள். அவர் மகளின் நெற்றியில் தானே விபூதி பூசிவிட்டார். கிளம்பும்போது நான் தெருமுனை வரை கூடப் போனேன்.

“தோள் புண்ணு ஆறிப்போச்சுங்களா?” என்று கேட்டார்.

ஆறிவிட்டது என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, என்னைப் பார்க்காமலே பேசினார். “அடிவாரத்துல ஒரு வாரம் கெடந்தேனுங்க. தெனமும் உங்க பையைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தரலாம், பொறவு பாத்துக்கலாம்னு நெனப்பேன். அடுத்தவங்க பண்டமுங்க. தோள்ல இருக்கறப்ப ஒண்ணும் பண்ண முடியலீங்க. சரி, போற வழிதானேன்னு ஊட்டுக்குள்ள ஒரு எட்டு வெச்சேன். கடலைக்காடு பறிக்க ஆளில்லாமக் கெடந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னார்.  அன்று அவர் அயோத்தியாப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். டவுன் பஸ் வந்தது. அவர் படியில் ஏறும்போது, பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று அந்தச் சேலைத் துணிப் பையை நான் வாங்கி, ஏறியபின் கொடுத்தேன். பழக்கம் விடவில்லை, கை எடை பார்த்துவிட்டது. உள்ளே அந்த டப்பா இருந்தது. அதோடு, மெத்தென்று, மடித்த மாற்று வேட்டி ஒன்றும் இருந்தது.

அந்தத் தார்ப்பாய்ப் பை இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது. அவர் சொன்னது போல, ஒரு தையல் கூட விடவில்லை. நடைப்பயணம் கிளம்புகிறவர்கள் பழைய ஆள் என்று என்னிடம் எந்தப் பை வாங்கலாம் என்று கேட்க வருவதுண்டு. இலேசான பையாகவே வாங்குங்கள், தோள் தப்பிக்கும் என்று என் நண்பர் கட்சியில் சேர்ந்துதான் பதில் சொல்கிறேன். ஆனால் பக்கத்தில் நடப்பவரின் பை மிகவும் இலேசாக இருந்தால், உங்களுடையதை ஒருமுறை அவர் தோளில் மாட்டிப் பாருங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.