சர்க்காருக்கு ஒதுக்கிய விரல்

குண்டறைக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அரசாங்கத்துக்கு மூன்று சொத்துகள் உண்டு: கூரை ஒழுகும் ரேஷன் கடை, பூட்டிக் கிடக்கும் வாசகசாலை, லதிகாவின் இடது கட்டைவிரல். முதல் இரண்டையும் யாரும் சீந்துவதில்லை. மூன்றாவது மட்டும் நல்ல பராமரிப்பில் இருக்கிறது.

லதிகாவின் மகள் சிஞ்சுவுக்குப் பதினான்கு வயது. பிறந்ததிலிருந்து படுக்கைதான், கழுத்து நிற்காது, மூடிய கை விரியாது. அப்பன் வளைகுடாவுக்குப் போய்ப் பதினோரு வருடமாகிறது. போய்ச் சேர்ந்ததாக இன்னும் தகவல் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு அரசாங்கம் மாதம் அறுநூறு ரூபாய் தருகிறது. அவள் வேறு வேலை செய்யக்கூடாது என்பதொன்றே நிபந்தனை. அறுநூறில் இரண்டு பேர் எப்படிச் சாப்பிடுவது என்பது விதிகளில் இல்லை. எழுதியவர் அன்று சாப்பிட்டுவிட்டு எழுதியிருப்பார்.

ஆகவே லதிகா, மகளின் கட்டிலோரம் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் முந்திரி உடைத்தாள். யாருக்கும் என்றால் ஊருக்கெல்லாம் தெரியும், காகிதத்துக்குத்தான் தெரியாது.

அந்தத் தாய் உயிரோடுதான் இருக்கிறாள் என்று வருடத்துக்கு ஒருமுறை விரல் வைத்து நிரூபிக்க வேண்டும். சேவை மையத்துச் சசாங்கன் அவளுடைய பத்து விரல்களையும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தான். பத்துக்கும் சிவப்பு விளக்கு. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் ரேகையைச் சுத்தமாகத் தின்றிருந்தது.

"சேச்சி, கை என்ன இப்படிக் கறுத்துக் கிடக்கு?"

"மருதாணி சாரே."

"கறுப்பு மருதாணியா? சரி, என்ன வேலை பாக்குறீங்க?"

"ஒரு வேலையும் இல்ல. மோளப் பாத்துக்கிறேன், அவ்வளவுதான்."

"அது வேலையில்ல சேச்சி. படிவத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு."

முந்திரி என்று சொன்னால் பணம் போய்விடும். சொல்லாவிட்டால் ரேகை எங்கே போனது என்பதற்குப் பதில் இல்லை. சசாங்கன் நல்லவன், குரலைத் தாழ்த்தி, "நாப்பது நாள் அந்த மருதாணியத் தொடாம இருங்க. தோல் வளந்துரும். கடைசித் தேதிக்கு இன்னும் நாப்பத்தஞ்சு நாள் இருக்கு" என்றான்.

லதிகா நாற்பது நாள் சும்மா இருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அரசாங்க விதிப்படி நடந்தவள், அடுத்த வீட்டு றோஸ்லி கொடுத்த கப்பைக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தாள்.

"என்னடி, தம்புராட்டி மாதிரி கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?"

"விரல் வளக்குறேன் சேச்சி."

"எங்க வீட்ல கோழி வளக்குறோம். அதாச்சும் முட்டை போடும்."

நாற்பத்தொன்றாம் நாள் ஒன்பது விரல்கள் மறுபடி தோற்றன. பத்தாவது, இடது கட்டைவிரல், பச்சை விளக்கை வாங்கியது. சசாங்கன் எழுந்து நின்று கை கொடுத்தான். அந்த ஒரு விரலை மட்டும் விட்டுவிட்டு, மற்ற நான்கையும் பிடித்துக் குலுக்கினான். "பத்திரம் சேச்சி, பணம் எடுக்கவும் இதே விரலத்தான் வைக்கணும்" என்றான்.

அன்றிலிருந்து அந்த விரலுக்கு மூன்று சுற்றுப் பழைய முண்டுத் துணி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. சிக்கல் என்னவென்றால், முந்திரிக் கொட்டையைக் கல்லின்மேல் பிடித்து நிறுத்துவதே இடது கட்டைவிரல்தான். அதில்லாமல் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கொட்டையை இடுக்கிக்கொண்டு தட்டினாள். பருப்பு பாதி உடைந்தது. உடைந்த பருப்புக்குக் கூலி குறைவு. கொட்டை கொண்டுவந்து போடும் ஸாபு, "நேத்துப் பழக வந்த பிள்ளை மாதிரி உடைக்கிறீங்களே அக்கா" என்று எடையைக் குறித்தான். மாதக் கூலியில் சுமார் அறுநூறு குறைந்துபோனது. அரசாங்கம் தருவதாகச் சொன்னதும் அதேதான். இவ்வளவு நுட்பமான சமநிலையை எந்த நிபுணர் குழுவும் திட்டமிட்டு எட்டியிருக்க முடியாது.

பச்சை விளக்கு எரிந்தது ஆடி மாதம். ஓணம் வந்து போயிற்று, பணம் வரவில்லை. கேட்கப் போனால் சசாங்கன் திரையைத் திருப்பிக் காட்டுகிறான்: "பேரு பச்சையா இருக்கு பாருங்க. நிதிதான் வரல."

நேற்றுச் சாயங்காலம் றோஸ்லி வந்தாள். லதிகா இரண்டு விரலில் கொட்டையை இடுக்கித் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தலைமாட்டில் சிஞ்சுவின் மருந்துப் பாட்டில் காலியாகக் கவிழ்ந்திருந்தது.

"எடீ, அந்தத் துணிய அவுத்து எறி. நல்லா உடை. மருந்துக்காவது ஆகும்ல?"

"வேண்டாம் சேச்சி," என்று லதிகா உறையை இறுக்கிக்கொண்டாள். "பணம் வர்ற அன்னிக்கு விரல் இல்லேன்னா?"