முகத்தக் கொஞ்சம் தூக்குங்க

அவளுடைய பெயரை எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுதித் தருகிற பேத்தி, "பேரில்லாம என்னெண்டு எழுதுற?" என்கிறாள். அந்தப் பிள்ளை என்று எழுது, போதும்.

மழை விடாமல் பெய்து, சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது நான் இத்தாவில் இருந்தேன். என் மனிசன், மகன் பஸாலின் வாப்பா, மௌத்தாகி அடக்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. புருசன் போனவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளைச் சீலையோடு, பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனிசனுக்கு நான் செய்ய மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். வெள்ளம் வந்தாலும் வரமாட்டேன் என்று கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை தண்ணீருக்குள்ளால் வந்தாள். பத்தொன்பது வயது. ஆள் சின்னன், குரல் பெரிசு. தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஏ.எல். சோதனை எழுதிவிட்டு, பள்ளிக்கூடத்தில் திறந்த நிவாரண முகாமில் தொண்டுக்கு நின்றாள்.

"மூத்தம்மா, நீங்க வராட்டி நானும் இந்தக் கட்டில்லதான் இரிப்பன். எனக்கு நீந்தவும் தெரியா."

"கடலுக்குப் போறவர்ர மகளுக்கு நீந்தத் தெரியாதா?"

"வாப்பாக்கும் தெரியா. தோணிக்குத்தான் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனபிறகு முதல் சிரிப்பு. பெரிய சீலையொன்றால் என்னைத் தலையோடு மூடி, தோணி தள்ளிய பொடியன்மாரை முன்னுக்கே பார்க்கச் சொல்லி, கூட்டிக்கொண்டு போனாள்.

முகாமில் ஒரு வகுப்பறை மூலையில் வலைக்கயிறு கட்டி, இரண்டு சீலையைத் தொங்கவிட்டு எனக்கொரு மறைப்புச் செய்தாள். அதன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். ஆள் எண்ண வந்த கிராம சேவகரையும் விடவில்லை.

"உள்ளுக்கு இத்தா இரிக்கிற ஆள். கேக்கிறத வெளிய நிண்டு கேளுங்க சேர்."

பக்கத்துப் பாயில் சித்தி லைலா என்று பேருள்ள ஒருத்தி இருந்தாள்; அவள் கேலி பண்ணினாள்: "ராத்தா, ராசாத்திமாருக்கும் இல்லாத காவல் உங்களுக்கு!"

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நாலாம் நாள் காலை என் தலையை அவிழ்த்துச் சீவிவிட்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"எங்கட உம்மாக்கு உங்களப் பாக்க ஆசையாம். முகத்தக் கொஞ்சம் தூக்குங்க மூத்தம்மா. சிரிங்க."

பெண்ணுக்குப் பெண் முகம் காட்டுவதில் என்ன இருக்கிறது? முக்காடு இல்லாமல் பல்லுத் தெரியச் சிரித்தேன்.

மறுநாள் பின்னேரம் கத்தாரிலிருந்து பஸால் கோல் எடுத்தான். குரல் ஒரு மாதிரி.

"உம்மா, வாப்பா மௌத்தாகி மூணு மாசம் ஆகல்ல. தலையத் திறந்து சிரிச்சிக்கிட்டு இரிக்கிறீங்க. பேஸ்புக்ல ஊரே பாத்திரிக்கி. என்ட அறையில உள்ளவனுகளும் பாத்திட்டானுகள்."

அவளைக் கூப்பிட்டேன். வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"உம்மாக்குத்தான் எடுத்தன் மூத்தம்மா, அல்லாஹ் அறிய. பிறகு முகாமுக்குப் பொறுப்பான ஜவாத் காக்கா, மனசத் தொடுற மாதிரி ஒரு படம் வேணும் எண்டாரு. குடுத்தன். அதப் பாத்துத்தான் வெளிநாட்டால உதவி வந்த. இண்டைக்குப் பகல் நீங்க திண்ட கோழிக்கறியும் அதாலதான்."

"எங்கிட்டக் கேட்டியா?"

"கேட்டா நீங்க விடமாட்டீங்களே."

அந்தச் சொல்தான் என்னை அறுத்தது. அவள் தெரியாமல் செய்யவில்லை. கதிரை போட்டுக் காவல் இருந்தவளுக்கு, நான் எதைக் காக்கிறேன் என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். மறைப்பை வெளியே நின்று படம் எடுத்திருந்தால், நானே சீலையை இழுத்து நேராக்கிக் கொடுத்திருப்பேன்.

படத்தை அழித்தார்கள். பார்த்த கண்ணை என்ன செய்வது? முகாமில் இருந்த மிச்ச நாளெல்லாம் அவள் கொண்டுவந்த சோற்றை நான் தொடவில்லை. சித்தி லைலாவிடம் வாங்கித் தின்றேன். பிடிவாதம் என்றார்கள். ஓம், பிடிவாதம்தான்.

இத்தா முடிந்த நாள் வீடு நிறையப் பெண்கள். ஒவ்வொருத்தியாக வந்து கையைப் பிடித்தார்கள். கடைசியாக அவள் வந்தாள். மறைப்புக்குக் கட்டிய இரண்டு சீலையையும் கழுவி மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் உம்மாவுடையவையாம், நான் வைத்துக்கொள்ளவேண்டுமாம். ஆள் மெலிந்துபோயிருந்தாள். தேத்தண்ணி ஊற்றி, இனிப்புக்குத் தொதல் ஒரு துண்டும் வைத்தேன். வீடு தேடி வந்த பிள்ளையை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது?

"மூத்தம்மா, ஒருக்கா என்னப் பாருங்களன். முகத்தத் தூக்குங்க."

"குடி புள்ள, ஆறப்போகுது."

அன்றைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் முகத்தைத் திறந்து காட்டினேன். அவளுக்கு மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டேன்.