மூட மறுத்த இடது இமை

சென்ற ஆண்டு ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை. இடம்: கிழக்கு தாம்பரத்தில் என் வீடு. காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியே ஒழுகியது. கண்ணாடி முன் நின்று இரு கண்களையும் மூட முயன்றேன். வலது மூடியது. இடது மூடவில்லை. முற்பகலில் மருத்துவமனை. பக்கவாதம் அன்று, முகநரம்பு வீக்கம் என்றார் மருத்துவர். மாத்திரை, சொட்டு மருந்து, உறங்கும்போது இமையை ஒட்டிவைக்கப் பிளாஸ்திரி. பெரும்பாலும் தேறிவிடும், சிலருக்குத் தேறாமலும் போகலாம்.

வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எளிதில் கலங்குவதில்லை. அன்று கலங்கினேன். அந்த ஜனவரியில் என் மனைவி கிரேஸ் இறந்தபின் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் கண்களை மூடி அமர்ந்திருந்தேன், அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு அது ஜெபமாகத் தெரிந்தது. இப்போது அந்த மறைவிடமும் போயிற்று.

அடுத்த ஞாயிறு போதகர், "எல்லாரும் கண்ண மூடுங்க" என்றார். இமையை விரலால் பிடித்து மூடினேன், விட்டதும் திறந்துகொண்டது. பிடித்துக்கொண்டே இருந்தால் கைகூப்ப முடியாது. ஆகவே திறந்த கண்ணோடு அமர்ந்தேன். முன்வரிசையில் எங்கள் சபையை நடத்தும் மூப்பர், வேதாகமத்துக்குள் கைப்பேசியை வைத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். (அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.) தற்செயலாகத் திரும்பியவர் என் கண்ணைச் சந்தித்தார். வேதாகமம் சத்தத்தோடு மூடியது.

ஆராதனை முடிந்ததும் ஓடி வந்தார். "சார், எல்லாத்தையும் பாத்தீங்களா?"

"ஒரு கண்ணால்தான்."

செய்தி பரவியது. மறுவாரம் என் பார்வைபடும் பெஞ்சுகள் காலியாயின. அதற்கடுத்த வாரம் மூப்பரே எழுந்து, "சாரோட கண்ணு மூடணும். இன்னிக்கே மூடணும்!" என்று சபையை ஜெபிக்க அழைத்தார். அத்தனை பேரும் குரலெடுத்துக் கதறினார்கள். எனக்காக இவ்வளவு வைராக்கியமான ஜெபம் ஏறெடுக்கப்பட்டதில்லை.

எங்கள் ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஜெப நேரத்தில் கிரேஸ் இருந்த இடத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். அவள் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் அவள் தோழி எஸ்தர். சபை கதறிக்கொண்டிருக்க, எஸ்தர் மெல்லக் கண் திறந்து, அந்தக் காலி இடத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு மீண்டும் கண்களை மூடிக்கொண்டாள். துடைக்காமல் கிரேஸ் எங்கும் உட்கார மாட்டாள்.

பார்வையைத் தடுக்க எனக்கு இமை இல்லை. 'ஆண்டவரே, அவள் இல்லை' என்றேன். ஏழு மாதங்களில் நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

வாசலில் எஸ்தர் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அழுவுறீங்களா?"

"கண் வறண்டால் நீர் வடியும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்."

"அது எடது கண்ணுக்கு. வலது கண்ணுக்கு இன்னா சொன்னாரு?"

கைக்குட்டையை எடுத்து வலது கண்ணைத் துடைத்தேன்.

செப்டம்பரில் ஒரு காலை முகம் கழுவும்போது சோப்பு எரியவில்லை. இமை மூடியிருந்தது. இது இயல்பான போக்கு என்றார் மருத்துவர். மறுக்கவில்லை, அந்தப் போக்கை வகுத்தவருக்கு நன்றி சொன்னேன். சபைக்கு மூப்பர் லட்டு வழங்கினார். "ஸ்தோத்திரம் சார், இனிமே நிம்மதி."

"யாருக்கு?"

"எல்லாருக்குந்தான் சார்!"

இமை மூட வேண்டுமென்று சபை கேட்டது, அது கிடைத்தது. எனக்குக் கேட்கத் தெரியாமல் இருந்தது அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. சொல் வராதவர்கள் இதை வாசித்தால், சொல் வராமலே வந்து உட்காருங்கள். ஆண்டவர் காத்திருப்பார்.

இன்னும் செய்யாதவை:

மீந்த பிளாஸ்திரியை எறிவது.

அன்றைய ஆட்டத்தில் வென்றது யார் என்று மூப்பரிடம் கேட்பது.

எஸ்தருக்கு நன்றி சொல்வது.

கிரேஸின் மூக்குக்கண்ணாடியை இலவசக் கண் முகாமுக்குக் கொடுப்பது. துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த முகாமுக்குப் பார்க்கலாம்.