கை பொறுக்கும் சூடு

காஜா பெராங் சாலையில் சுப்பையன் கடையில் ஒரே ஒரு நாற்காலிதான். அதில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தால் கூரைத் தகரத்தில் ஒரு துரு ஓட்டை தெரியும். அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே வருஷக்கணக்காக அவனிடம் கழுத்தைக் கொடுத்தவன் நான். மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு டாக்ஸி ஓட்டுகிறவன். ரோட்டில் எதிரே வருகிற எவனையும் நம்ப மாட்டேன். சுப்பையன் கத்தியை நம்பினேன். அவன் வாய் ஊர்க்கதை எல்லாம் பேசும், கை மட்டும் தன் வேலையை விட்டு அசையாது. சவரக் கடைக்காரனுக்கு அதுதானே வேண்டும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவன் கழுத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது. பிறகு அது வளர்ந்து, சட்டையின் மேல் பட்டனைப் போட முடியாமல் ஆகி, எச்சில் விழுங்கவும் கஷ்டமானது. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். வீக்கம் போய்விட்டது. அந்த வீக்கத்துக்குப் பின்பக்கம் அரிசி மணி மாதிரி சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்குமாம். அவையும் அதோடு சேர்ந்து போய்விட்டன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையாமல் பார்த்துக்கொள்வது அவைதானாம். குறைந்தால் நரம்பு துள்ளும், சதை இழுக்கும். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் தெரிந்தது விநாயகம் பிள்ளைக்குச் சவரம் செய்தபோது. பிள்ளை பக்கத்திலிருக்கும் கம்போங்காரர், பல தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் செட்டி. தமிழ்ப் பெயர், பேச்சு மலாய். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அடுத்த முறை எனக்கு என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுப்பையனின் வலது கை விரல்கள் மெதுவாக ஒன்றோடொன்று ஒட்டின. கட்டைவிரல் உள்ளே மடிந்தது. விபூதி எடுக்கப் போன கை அப்படியே உறைந்துபோன மாதிரி. அந்தக் குவியலுக்குள் கத்தி. கத்திக்குக் கீழே பிள்ளையின் தொண்டை.

சுப்பையன் கத்தவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கத்தியோடு அந்தக் கையைத் தன் நெஞ்சுக்குக் கொண்டு போனான். வியர்வை கொட்டியது. பிள்ளை கண்ணைத் திறக்காமல் மலாயில், “முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார்.

“முடிஞ்சிருச்சு” என்றான் சுப்பையன். பாதித் தாடியோடு பிள்ளை வீட்டுக்குப் போனார். பெண்டாட்டி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் பெரிய வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், பால் குடிக்கச் சொன்னார்கள். மாத்திரையோடும் கை சில நாள் சொல்லாமல் கொள்ளாமல் குவிந்தது. சேதி பரவிவிட்டது. ஆட்கள் முடி வெட்ட மட்டும் வந்தார்கள். பிறகு அதற்கும் வரவில்லை. நானும் சவரத்தை வீட்டிலேயே செய்துகொண்டேன். சுப்பையன் கடையைத் திறந்து வைத்து, காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அவன் மனைவி அஞ்சலை வாசலைக் கூட்டுகிற சாக்கில் சாலையின் இரண்டு பக்கமும் பார்ப்பாள்.

டிரஸ்ஸர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், மலாக்கா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற வேலை. அவர்தான் சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் புதிதாக ஒன்று செய்து பார்க்கிறார் என்று சொன்னார். அவரும் சுப்பையனும் நானும் என் டாக்ஸியில் போனோம்.

டாக்டர் முதலில் சுப்பையனின் காதுக்கு முன்னால், கன்னத்தில் விரலால் சுண்டினார். சுப்பையனின் மேலுதடு அந்தப் பக்கம் வெடுக்கென்று இழுத்தது. அவன் இழுக்கவில்லை, தானாக இழுத்தது. சத்து குறைவாக இருந்தால் இப்படித் துடிக்குமாம். இன்னொரு தடவை சுண்டினார். இன்னொரு தடவை துடித்தது.

பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து காட்டினார். சிவந்த தண்ணீருக்குள் இருபது காசு அளவில் ஒரு வட்டச் சிமிழ். இரண்டு பக்கமும் மெல்லிய தாள் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. டாக்டர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல ராஜரத்தினம் எங்களுக்குச் சொன்னார்.

“வேற ஒரு ஆளின்ர கழுத்தில ஆபரேஷன் செய்யேக்க எடுத்த சுரப்பித் துண்டு இதுக்குள்ள இருக்கு. உயிரோட இருக்கு. சும்மா வச்சா உங்கட உடம்பு இது அந்நியம் எண்டு சொல்லி அழிச்சுப்போடும். இந்தத் தாள் கொசுவலை மாதிரி. சாப்பாடு உள்ள போகும், சுரக்கிறது வெளிய வரும். அழிக்கிற அணுக்கள் மட்டும் உள்ள போக ஏலாது.”

“எத்தனை நாளைக்கு உயிரோட இருக்கும், ஐயா?” என்றான் சுப்பையன்.

ராஜரத்தினம் டாக்டரைக் கேட்டார். டாக்டர் கொஞ்ச நேரம் குப்பியைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். அதை ராஜரத்தினம் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கும் தெரியாது என்று எங்களுக்கே புரிந்தது.

இடது புஜத்தின் உள்பக்கம் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். அமுக்கக் கூடாது, சொறியக் கூடாது, அடிபடக் கூடாது. இவ்வளவுதான் சொல்லி அனுப்பினார்கள்.

கடைக்குத் திரும்பியதும் சவரத்துக்கு வராத ஆட்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். யாருடைய சதை என்று கேள்வி. மூவாரிலிருந்து வந்த ஒரு சீனத்தியினுடையது என்று ராஜரத்தினத்திடம் எப்படியோ கறந்துவிட்டார்கள்.

“இனிமே சுப்பையனுக்குப் பன்றிக் கறி கேக்கும் லா” என்றான் ஒருவன்.

“உனக்கு யாரு சதையும் வைக்காமலே கேக்குதே” என்றாள் அஞ்சலை, விளக்குமாறோடு.

சுப்பையனும் சிரித்தான். ஆனால் சிரித்துக்கொண்டே வலது கை இடது புஜத்தை மூடிக்கொண்டது. தூங்கும்போதும் அந்தப் பக்கம் புரண்டு படுக்க மாட்டான் என்று அஞ்சலை சொன்னாள். அவளும் அந்தப் பக்கம் படுப்பதில்லையாம்.

கை குவிவது குறைந்தது. ராஜரத்தினம் மாத்திரையையும் கொஞ்சம் குறைத்தார். அப்போதுதான் சிமிழ் வைத்த இடம் சிவந்து வீங்கியது.

கட்டியைப் பற்றிச் சுப்பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் அப்பன் எஸ்டேட்டில் முடியும் வெட்டினவன், கட்டியும் கீறினவன். வீங்கினால் ஒத்தடம் கொடு, பழுத்தால் கீறு. கீறக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே ஒத்தடம். கடையில் சட்டியில் எப்போதும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். துண்டை அதில் முக்கிப் பிழிந்து, கை பொறுக்கிற சூடா என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, புஜத்தில் வைத்துக் கட்டினான். தினமும் காலையில். வீக்கம் வடிந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம்.

ராஜரத்தினம் கடைப்பக்கம் வந்தபோது அவனே பெருமையாகச் சொன்னான். நானும் இருந்தேன். டிரஸ்ஸர் முகம் மாறியது.

“எவ்வளவு சூடு?”

“கை பொறுக்குற சூடுதான், ஐயா.”

“ஒருக்கா செய்து காட்டுங்கோ.”

சுப்பையன் துண்டைக் கொதிக்கிற சட்டியிலிருந்து வெறுங்கையால் எடுத்துப் பிழிந்தான். ஆவி பறந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு நீட்டினான். ராஜரத்தினம் வாங்கிய வேகத்தில் கீழே போட்டார். நான் குனிந்து எடுத்தேன். வெயிலில் காய்ந்த ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோல் தடித்த கை என்னுடையது. என்னாலும் பிடித்திருக்க முடியவில்லை.

கொதிதண்ணீரில் துண்டு பிழிந்தே வளர்ந்த கை அவனுடையது. அதற்குச் சூடு எங்கே தெரியப்போகிறது? ஆட்கள் முகத்தில் போடும்போது நாலு தடவை உதறித்தான் போடுவான். தனக்கு அவன் உதறவில்லை.

“அது செத்துப்போயிருக்குமா?” என்றான் சுப்பையன்.

“உயிருள்ள சாமான். அவிஞ்சிருந்தா அவிஞ்சதுதான்” என்றார் ராஜரத்தினம். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “தெரியேல்ல. தோலுக்குக் கீழ அவ்வளவு சூடு போயிருக்காது. எனக்குத் தெரியேல்ல” என்றார்.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து சிங்கப்பூருக்கு டெலிபோன் போட்டுக் கேட்டார். திறந்து பார்த்தால் இருக்கிற உயிரும் போய்விடலாம், திறக்க வேண்டாம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திப் பார்க்கச் சொன்னாராம் டாக்டர். உள்ளே இருப்பது உயிரோடு இருந்தால் கை தாங்கும். செத்திருந்தால் கன்னத்தைச் சுண்டும்போது உதடு சொல்லிவிடும்.

அதன் பிறகு சுப்பையனுக்குக் கடைக் கண்ணாடியே கதியானது. கன்னத்தைச் சுண்டுவான், உதட்டைப் பார்ப்பான். திரும்பவும் சுண்டுவான். சுண்டிச் சுண்டிக் காதுக்கு முன்னால் கன்றிப்போய்விட்டது. பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தி, விரலை விரித்து மடக்கிப் பார்ப்பான். மாத்திரை குறையும் ஒவ்வொரு தடவையும் அஞ்சலை அடுப்பு வேலையை விட்டுவிட்டுக் கதவோரம் வந்து நிற்பாள். அவன் தலையை ஆட்டினால் திரும்பிப் போவாள். ஒருநாள் அவளிடம் கேட்டேன், “நீ என்னம்மா நினைக்கிற?”

“அந்தச் சீனத்தி பேரு தெரிஞ்சாலாச்சும் அவ பேரைச் சொல்லி வேண்டிக்குவேன், அண்ணே” என்றாள். “உள்ள இருக்கிறது அவதானே.”

மாசி மகம் நெருங்கியது. எனக்கும் பாக்கியலட்சுமிக்கும் ரொம்ப வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்திருந்தான். செங் ஊரில் இருக்கும் சன்னாசிமலைக் கோயிலில் முதல் முடி இறக்குவதாக வேண்டுதல். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே சுப்பையனிடம் சொல்லிவிட்டேன், அவன் கையால்தான் என்று. அப்போது அவன் கழுத்தில் ஆஸ்பத்திரிக் கத்தி படவில்லை.

“மலையில வரிசையா முடி எறக்குறவங்க உக்காந்திருக்காங்க” என்றாள் பாக்கியம். “இழுத்துக்கிற கையிலதான் புள்ள தலையைக் குடுக்கணுமா? உச்சிக்குழி கூட இன்னும் மூடல.”

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதே பயம்தான். ஆனால் நானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஊரில் எந்தத் தகப்பன் அவனிடம் பிள்ளையைக் கொண்டுபோவான்?

நான் சொல்வதற்கு முன்னால், மகத்துக்கு முந்தின நாள், அவனே வந்தான். “அண்ணே, வேற ஆளைப் பாருங்க. எனக்குக் கோவம் இல்ல. மாத்திரை நிறுத்தியாச்சு. இன்னும் துடிக்கல. ஆனா நாளைக்குத் துடிக்காதுன்னு எப்படிச் சொல்றது?”

“நாளைக்குக் காலையில என் தாடியை எடு. அப்புறம் பேசிக்கலாம்.”

“வேணாண்ணே.”

“நான் கேக்கல. வரேன்.”

மகத்தன்று காலையில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ மாதம் கழித்து. நுரை பூசினான். கத்தியைத் தோல் வாரில் தீட்டினான். கண்ணாடியில் கன்னத்தைச் சுண்டினான். துடிக்கவில்லை. நான் தலையைச் சாய்த்தேன். துரு ஓட்டை அங்கேயேதான் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்னம் முடிந்தது. தாடை முடிந்தது. தொண்டைக்கு வந்தான். அங்கே கத்தி நின்றது.

அழுத்தவில்லை, எடுக்கவும் இல்லை. தோலில் அதன் குளிர்ச்சி தெரிந்தது. எச்சில் விழுங்க வேண்டும் போல இருந்தது, விழுங்கவில்லை. அவன் இடது கையைத் தூக்கித் தன் கன்னத்தைச் சுண்டிவிட்டு, என் தலைக்கு மேலே கண்ணாடியைப் பார்த்தான்.

“என்னடா?” பல்லை அசைக்காமல் கேட்டேன்.

“உதட்டுல அரிச்சிச்சு.”

“துடிச்சுதா?”

“இல்ல. மீசை முடிதான் போல.”

“வெட்டித் தொலைக்க வேண்டியதுதானே.”

சிரித்தான். கத்தி மேலே ஏறியது, நேராக, முன்பு போலவே. நான் எழுந்து கழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சட்டைதான் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

“வண்டியில ஏறு” என்றேன்.

செங் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். ரதம் வந்து, காவடிச் சத்தம் காதை அடைத்தது. பையன் தாய்மாமன் மடியில் இருந்தான். பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்; நகம் பதிந்தது. சுப்பையன் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்தான். ஈர முடிக்குள் உச்சிக்குழி துடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றான். பிறகு கத்தியை வைத்தான்.

பையன் வீறிட்டான். சுப்பையன் ஏதோ ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்தான், எனக்கா பிள்ளைக்கா தெரியவில்லை. முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. உச்சிக்குழியைச் சுற்றி வரும்போது மட்டும் அவன் பேச்சு நின்றது. அஞ்சலை எங்களைப் பார்க்கவில்லை, அவன் இடது புஜத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி முடியும் விழுந்து, சந்தனம் பூசியபோது பாக்கியம் என் கையை விட்டாள். பையன் தலையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுப்பையன் கத்தியை மடித்தான்.

“இன்னிக்கு ஒரு தலை போதும், ஐயா. மன்னிச்சுக்குங்க.”

வண்டியில் திரும்பும்போது பின் கண்ணாடியில் பார்த்தேன். அஞ்சலை அவன் வலது கையைத் தன் மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். நீவ ஒன்றும் இல்லை, அவை நேராகத்தான் இருந்தன.

இப்போது அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகிறான். டாக்டர் தன் ஊருக்குப் போய்விட்டார். சிமிழ் இன்னும் சுப்பையனின் புஜத்துக்குள் இருக்கிறது. அதற்குள் இருப்பது உயிரோடு இருக்கிறதா, அல்லது கழுத்தில் மிஞ்சியிருந்த ஏதோ ஒரு சுரப்பித் துணுக்கு தழைத்துக்கொண்டதா, ராஜரத்தினத்துக்கும் தெரியாது. திறந்து பார்க்கலாமா என்று ஒரு தடவை கேட்டார். சுப்பையன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

கடையில் கூட்டம் வருகிறது. ஒவ்வொரு ஆளுக்கும் கத்தியை எடுக்கும் முன் அவன் தன் கன்னத்தைச் சுண்டுகிறான். புது ஆட்கள் கேட்டால் கொசு என்பான். நான் கேட்பதில்லை. அவன் சுண்டி முடித்து, உதடு அசையவில்லை என்று நானும் பார்த்த பிறகுதான் தலையைச் சாய்க்கிறேன்.