ஒண்ணும் செய்யாது

தமிழில் ஒரு வசதி உண்டு. ஒரு மருந்தைப் பற்றி ‘ஒண்ணும் செய்யாது’ என்று சொன்னால், கெடுதல் செய்யாது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நல்லதும் செய்யாது என்ற அர்த்தம் அதே வார்த்தைக்குள் உட்கார்ந்திருப்பது யார் காதிலும் விழாது. அந்த வசதியை வைத்துத்தான் எங்கள் அண்ணி உடம்பு இளைக்கும் மூலிகைத் தூள் விற்கிறார்.

அண்ணி என்றால் எங்கள் மூத்த அண்ணனின் மனைவி. எங்கள் ஊர் உலு திராமிலேயே, பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான் வீடு. பச்சைப் பாக்கெட், மேலே ஓர் இலைப் படம், ‘ஹெர்பா’ என்று கொட்டை எழுத்து. உள்ளே என்ன இலை என்று கேட்டால், “அது கம்பெனி ரகசியம்” என்பார். என்னவோ அவரே காட்டுக்குள் போய்ப் பறித்து வந்த மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

மாட்டிக்கொண்டது என் அக்கா. தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவள். பிரஷர் உண்டு, கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுவந்தாள். உடம்பு கொஞ்சம் கனம்தான். மகளின் நிச்சயதார்த்தம் வரைக்கும் அது அவளுக்கு ஒரு குறையாகவே இருந்ததில்லை. அன்றைக்குப் பெக்கோக்கிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை, கேசரியை வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“பொண்ணு இப்ப ஒல்லியாத்தான் இருக்கு. அம்மாவப் பாத்தாதான் பயமா இருக்கு லா.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பிறகு சமையலறைக்குள் போய், கழுவி வைத்த தட்டுகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். “கல்யாணத்தன்னைக்கு என்னால என் பொண்ணு தலைகுனியக் கூடாது” என்றாள். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. வாசலில் காலை வைத்ததும் ‘என்ன இப்படிப் பெருத்துட்டீங்க’ என்று கேட்காவிட்டால் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது.

மறுநாளே அண்ணி பாக்கெட்டோடு வந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன்.

“உடம்புக்கு ஏதும் ஆகாதுல்ல, அண்ணி?” என்று அக்கா கேட்டாள்.

“மூலிகைதானே லா. ஒண்ணும் செய்யாது. ஆனா நாட்டு மருந்து சாப்புடுறப்ப இங்கிலீஷ் மருந்து ஆகாது. தெரியும்ல?”

தெரியாமல் என்ன? பத்தியம் எங்கள் ரத்தத்தில் ஊறியது. அக்கா கருவாட்டை விட்டாள், கத்தரிக்காயை விட்டாள், அந்த வரிசையில் பிரஷர் மாத்திரையையும் விட்டாள். எனக்குத் தெரிய வந்தபோது, “பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு, டாக்டரா?” என்று கத்தினேன்.

“நீ சும்மா இரு. உன்னைய யாரும் பெத்த பொண்ணு முன்னால அப்படிச் சொன்னதில்ல” என்றாள்.

இளைத்தாள். அதை மறுக்க முடியாது. பசி போயிற்று, வயிறு கழிந்துகொண்டே இருந்தது, தூக்கமும் போயிற்று. கேன்டீனில் கூட வேலை செய்பவர்கள் ‘அலமாக்’ என்று வாயைப் பிளந்தார்கள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று அண்ணிக்குப் போன் போட்டபோது, “கழிவு வெளியாவுது. நல்ல அறிகுறி. நிறுத்திடாத” என்று பதில் வந்தது. சாகக் கிடந்தாலும் நல்ல அறிகுறி என்றே சொல்லியிருப்பார்.

கல்யாண ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்த இடத்தில்தான் விழுந்தாள். தையல்கார அம்மா டேப்பைச் சுற்றிவிட்டு, “இன்னும் எவ்ளோ புடிக்கணும்மா?” என்று கேட்டார். அக்கா அப்படியே சரிந்தாள். நான்தான் தாங்கினேன். என் கையில் அவள் அவ்வளவு லேசாக இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் மலாய் டாக்டர், “அடா மாக்கான் ஊபாட் லாயின்?” என்று கேட்டார். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று.

“தாக் அடா” என்றாள் அக்கா. இல்லையாம்!

பொய் சொல்லவில்லை அவள். அதுதான் கொடுமை. கிளினிக் மாத்திரையை நிறுத்தும்போது அந்தத் தூள் மருந்து. டாக்டர் கேட்கும்போது அது மருந்தே இல்லை, வெறும் மூலிகை. எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் கைப்பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தேன்.

அவர் கோபப்படவில்லை, பார்த்துப் பழகியவர் போலிருந்தார். இந்த மாதிரிப் பாக்கெட்டுகளில் லேபிளில் போடாத மாத்திரைத் தூளைக் கலந்துவிடுவது உண்டு, பசியை அடைத்து இதயத்தை ஓட ஓட விரட்டுவது அதுதான், இதில் இருக்கிறதா என்று சோதித்தால்தான் தெரியும் என்றார். பேதி ஆனதில் போனது பெரும்பாலும் தண்ணீர், கொழுப்பு அல்ல. நிறுத்தினால் எடை திரும்பி வரும். பிரஷர் மாத்திரையை விட்டது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. இதயத்துடிப்பு தாறுமாறாகிவிட்டது, இன்னொரு தடவை இப்படி ஆனால் பிழைப்பாளா என்று சொல்ல முடியாது என்று அவளைப் பார்த்தே சொன்னார்.

அண்ணி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். “மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆவலயே. இவ உடம்பு வாகு அப்படி” என்றார். நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து, “கல்யாண நேரம். குடும்பத்துல சண்ட வேணாம்” என்றான். அந்தக் கையை உதறிவிட்டு வெளியே வந்து அழுதேன்.

கல்யாணத்தில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்தவர்களை வரவேற்றாள். கொஞ்சம் நின்றாலே மூச்சு வாங்கியது. பிடித்துத் தைத்த ரவிக்கையும் தொளதொளவென்று கிடந்தது. அதே பெக்கோக் அத்தை நேராக அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடேயப்பா, சம்பந்தி! என்னமா எளச்சிட்டீங்க! சின்னப் பொண்ணாட்டம் இருக்கீங்க. என்னதான் சாப்பிட்டீங்க?”

சொல்லுவாள் என்று காத்திருந்தேன். தையல் கடையில் விழுந்ததை, டாக்டர் சொன்னதை, எல்லாவற்றையும் சொல்லுவாள் என்று. அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். அவள் முகத்தில் நான் எந்த நாளும் பார்த்திராத வெட்கமும் பெருமையும் வந்தன. அத்தையின் பக்கம் சாய்ந்து, மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“மூலிகைதான் லா. எங்க அண்ணிகிட்ட கேளுங்க. ஒண்ணும் செய்யாது.”